பிஜய் சொல்லாமல் விட்டது

1

மெல்பர்னில் எங்கள் தெருவின் அஞ்சல்காரர் முதல் மருந்துக்கடைப் பெண் வரை எல்லோரும் என்னை ‘மிஸ்டர் அப்புச்சி’ என்றே அழைக்கிறார்கள். என் மகளின் மகன் இனியன் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று முடிவு செய்துவிட்டார்கள். கொங்கு நாட்டில் தாயைப் பெற்ற தகப்பனை அப்படித்தான் அழைப்பார்கள் என்று விளக்க முதலில் முயன்றேன். பிறகு விட்டுவிட்டேன். ஊரே உறவு கொண்டாடுகிறது. அதைக் கெடுப்பானேன்?

இனியனுக்குத் தமிழில் உறுதியாகத் தெரிந்த சொற்கள் அப்புச்சி, சோறு, போதும். மற்றவற்றை நான் பேசினால் புரிந்துகொள்வான்; ஆங்கிலத்தில் பதில் சொல்வான். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் அவனே எனக்கு வாய். என் உடல்நிலை, வீட்டுநிலை, நான் ஊர் போய்வந்த விவரம் என்று ஒன்றுவிடாமல் நான் சொல்லி முடிப்பேன். அவன் தொலைபேசியில் மூன்றே சொற்களைச் சொல்லி வைத்துவிடுவான்.

“நான் சொன்னதெல்லாம் சொல்லிட்டியா கண்ணு?”

“ஒன்லி தி இம்பார்ட்டன்ட் திங்ஸ், அப்புச்சி.”

எது முக்கியம் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை தீர்மானிக்கிறது. தவறு அவனுடையதன்று. அவனுக்குப் பள்ளிக்கு நேரமாகிறது.

என் மனைவி நோயுற்றுக் கிடந்தபோது மெல்பர்ன் மருத்துவமனையில் இப்படி நடக்கவில்லை. மகள் எங்களுக்காகப் பேசத் தொடங்கியதும் மருத்துவர் கையமர்த்தினார். உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அன்பினால் சிலவற்றை மறைத்துவிடுவார்களாம். மேசைமேல் ஒரு தொலைபேசியை வைத்தார்கள். அதிலிருந்து யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவரின் குரல் வந்தது. “ஐயா, நீங்கள் கதைக்கிற எல்லாத்தையும் நான் டொக்டருக்குச் சொல்லுவன். அவர் சொல்றதையும் அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். ஒண்டையும் விடமாட்டன், ஒண்டையும் கூட்டமாட்டன்.”

மருத்துவர் சொன்ன செய்தி கடுமையாக இருந்தது. என்னையறியாமல் ஒரு பதிகத்தின் அடி என் வாயில் வந்துவிட்டது. அறுபது ஆண்டுகளாக நாள்தோறும் ஓதிப் பழகிய நா அது, இடம் பார்க்காது. அந்த அம்மையார் அதையும் விடவில்லை. இவர் இறைவனைப் பாடுகிறார், பாட்டின் பொருள் இன்னது என்று மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். மருத்துவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். என் மனைவியின் மரணத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அந்தக் காத்திருப்பு நினைவுக்கு வருகிறது.

அவளுடைய திதிக்காகவே இவ்வாண்டும் திருப்பூர் வந்தேன்.

2

நல்லூரில் என் தம்பி மகன் செந்தில் வீட்டில் தங்கினேன். அவன் அருள்புரத்தில் பனியன் தைக்கும் கம்பெனி வைத்திருக்கிறான். முன்பு அங்கே மதுரைப் பக்கத்துத் தமிழும் நெல்லைத் தமிழும் கேட்கும். இப்போது தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன.

வந்த அன்று அவன் என்னிடம் ஒரு சட்டையைக் காட்டினான். அதன் உள்தையலில் சிறு நாடா ஒன்று. எவ்வாறு துவைப்பது, எந்தச் சூட்டில் தேய்ப்பது என்று ஐரோப்பிய மொழிகள் பத்துப் பன்னிரண்டில் அச்சிட்டிருந்தது.

“ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் முழு லாட்டையும் திருப்பி அனுப்பிருவாங்க பெரியப்பா. போலந்துக்காரன் போலிஷ்ல படிச்சாத்தான் துவைப்பானாம்,” என்றான் செந்தில்.

“தைக்கிறவங்களுக்கு என்ன மொழியில எழுதி வெச்சிருக்கறே?”

“அவங்களுக்கு எதுக்குங்க எழுதறது? பிஜய் இருக்கான்ல.”

பிஜய் ஒடிசாவிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன். இப்போது நாற்பதை நெருங்குகிறான். தன் மாவட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிடும் காண்ட்ராக்டர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பல்லடத்துக்காரன் என்றே நினைப்பீர்கள், அத்தனை ‘ங்க’. வங்கிக்கணக்கு தொடங்க, ரேஷன் கடையில் பேச, காவல் நிலையத்தில் பதிய, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அவனே வருவான். அவன் பேசுவான், வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். இதுதான் இங்கே வழக்கம். இந்த வழக்கத்தை நம்பி ஒரு நகரத்தின் தொழில் முழுவதும் ஓடுகிறது.

ரீசார்ஜ் கடையின் பலகையில் இந்தி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெங்காயத்தின் விலையை ஒடியாவில் கூவுகிறார்கள். விற்பதற்கு எல்லா மொழியும் கற்றுக்கொண்டோம். நோவைக் கேட்பதற்கு ஒன்றையும் கற்கவில்லை என்பது எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

3

திதி கொடுக்கத் தாராபுரத்துக்கு, அமராவதிக் கரைக்குப் புறப்பட்டோம். நண்பகலுக்கு முன் முடிக்க வேண்டும். வழியில் செந்தில் கம்பெனியில் இரண்டு நிமிடம் நிறுத்தினான். அன்று வெளிநாட்டு ஆர்டருக்கு இன்ஸ்பெக்சன். மேனேஜரிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

நான் காரிலேயே இருந்தேன். கம்பெனிக்குப் பின்னாலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஏழு வயதுச் சிறுமி. தலை பின்னால் தொங்கியது. அந்தத் தாய் கார்க் கதவைத் தட்டி ஏதேதோ சொன்னாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. செந்தில் ஓடிவந்தான்.

“மாலதிங்க, நம்ம செக்கிங் பொண்ணு. புருசன் ஊருக்கு அறுவடைக்குப் போயிருக்கான். டேய் பிஜய், வா, ஏறு!”

பின்னிருக்கையில் மாலதியும் குழந்தையும் பிஜயும் ஏறினார்கள். போகும்போது செந்தில் கண்ணாடியில் சிறுமியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“ரிங்கி, ஏ ரிங்கி! என்ன கண்ணு, இன்னிக்கு வாயத் தொறக்க மாட்டேங்கறே? பெரியப்பா, இந்த லைனுக்கே வக்கீல் இவதானுங்க. கார்ப்பரேசன் ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிறா. மளிகைக் கடையில அம்மாவுக்குப் பேசறது, கேஸ்காரன்கிட்டச் சண்டை போடறது எல்லாம் இவதான்.”

வக்கீல் பேசவில்லை. அந்த வீட்டின் தமிழ் முழுவதும் அந்தச் சிறு வாயில் இருந்தது. அது அன்று அடைத்துக்கொண்டுவிட்டது.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். வரிசையில் பலர் நின்றார்கள். அவர் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தபடி கேட்டார்: “எப்ப இருந்து?”

பிஜய் தாயிடம் கேட்டான். மாலதி பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள். நடுவில் கைகூப்பினாள், கையால் சுவரைக் காட்டுவதுபோல் காற்றைக் காட்டினாள், குழந்தையின் இமையைத் தொட்டாள், மீண்டும் கைகூப்பினாள். ஒரு பதிகம் ஓதி முடிக்கும் நேரம் அவள் பேசியிருப்பாள்.

பிஜய் மருத்துவரிடம் திரும்பினான். “காலையில இருந்து வயித்து வலி, ரெண்டு வாட்டி வாந்திங்க டாக்டர். நேத்துச் சந்தையில பானிபூரி தின்னுச்சாமுங்க.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லீங்க.”

மருத்துவர் எழுதத் தொடங்கினார். ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், மதியத்துக்குள் வீட்டுக்குப் போகலாம். மாலதி மருத்துவரின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பேசினாள். குரல் உடைந்தது.

“என்ன சொல்றாங்க?”

“பயந்துட்டாங்க, அழுவறாங்க. அவ்வளவுதானுங்க.”

செந்தில் கடிகாரத்தைப் பார்த்தான். “பெரியப்பா, பயப்பட ஒண்ணுமில்லீங்க. பிஜய் பாத்துக்குவான். நாம கெளம்பலாமுங்க. தாராபுரத்துல அய்யர் காத்துட்டிருக்காரு.”

நான் எழவில்லை. எனக்கு ஒடியா தெரியாது. ஆனால் கைகூப்பல் தெரியும். என் வாழ்நாள் முழுவதும் ஓதிவந்த பாடல்களில் அடியார்கள் நோவை இறைவனிடமிருந்து பிரித்துச் சொன்னதில்லை. வயிற்றைக் குடைந்த நோவானாலும், கண்ணிழந்த வருத்தமானாலும், பிரிவானாலும், எந்த இடத்தில் தொடங்கியது, எவ்வாறு முறுக்கியது, எங்கே பிழை செய்தேன் என்ற எல்லாவற்றையும் இறைவன் பெயரோடு சேர்த்து ஒரே மூச்சில் முறையிட்டார்கள். பக்தியை நீக்கினால் அந்தப் பாட்டில் நோவின் வரலாறும் போய்விடும். இந்தப் பெண்ணும் முறையிடுகிறாள். முறையீட்டில் பாதியை எவனோ அறுத்துவிட்டான்.

“பிஜய், இந்தம்மா ஏதோ ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. எந்தத் தெய்வம்?”

பிஜய்க்கு முகம் சிறுத்தது. ஒரு கூட்டத்தின் நடுவே ஊர்ப்பெயர் கெடுவதற்கு நாணுகிறவன் முகம் அது.

“அது எங்க ஊர்ப் பக்கத்துச் சாமிங்க அய்யா. படிக்காத சனம், எது நடந்தாலும் சாமி குத்தம்னுதான் சொல்லும். டாக்டருக்கு எதுக்குங்க அதெல்லாம்?”

“எனக்குச் சொல்லு. என்ன சாமி?”

“மனசாங்க. பாம்புச் சாமி.”

மருத்துவரின் பேனா நின்றது.

“பாம்பா? அவங்க என்ன சொன்னாங்க? சொன்னத முழுசாச் சொல்லுங்க. நீங்க சுருக்க வேண்டாம்.”

பிஜய் மாலதியிடம் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல, இம்முறை வரிக்கு வரி தமிழில் சொன்னான். குரலில் முன்பிருந்த மிடுக்கு இல்லை.

“நேத்துப் பொழுதோட செவுத்துப் பொந்துல பாத்தாங்களாமுங்க. கறுப்பு. ஒடம்புல வெள்ளை வெள்ளையாக் கோடு. ஊர்ல மனசா அம்மாவோட பிள்ளைன்னு அதை அடிக்க மாட்டாங்க. அடிக்காம விட்டுட்டாங்க. ‘காலையில பால் வெக்கிறேன் தாயே, போயிரு’ன்னு வேண்டிக்கிட்டாங்களாம். ராத்திரி ரெண்டு பேரும் தரையிலதான் படுத்திருந்தாங்க. விடியக்காலம் குழந்தை வயிறு வலிக்குதுன்னு எந்திரிச்சுது. பாலை வெக்க மறந்துட்டாங்களாம். அதனாலதான் அம்மா கோவிச்சுக்கிட்டு…” அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். “கண்ணு தொறக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. தூக்கமில்ல, தொறக்கவே முடியலைன்னு அது காலையிலயே சொல்லுச்சாமுங்க. இதத்தான் மொதல்லயும் சொன்னாங்க.”

மருத்துவர் அதற்குள் குழந்தையின் மேல் குனிந்திருந்தார். “ரிங்கி, என்னப் பாரு. கண்ணைத் திற.” இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. “எச்சில் முழுங்கு.” முடியவில்லை, வாயோரம் வழிந்தது. பாதங்களையும் கைகளையும் திருப்பிப் பார்த்தார். கடித்த தடம் ஒன்றுமில்லை.

“தடம் இருக்காது. வலிக்கக்கூட வலிக்காது,” என்று அவர் யாரிடமென்றில்லாமல் சொன்னார். பிறகு குரல் மாறியது. “சிஸ்டர், கட்டுவிரியன். உள்ள கொண்டு போங்க. விஷமுறிவு மருந்து எடுங்க. வென்டிலேட்டர் ரெடியா இருக்கட்டும்.”

வண்டிக் கட்டில் உருண்டது. மாலதி பின்னால் ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

மருத்துவர் உள்ளே போகும்முன் பிஜயைப் பார்த்தார். “இத ஏன் முதல்ல சொல்லலை?”

“உங்களுக்கு நேரமில்லீங்களேன்னுதான்…”

அது மரியாதை. பெரியவர்களின் நேரத்தை வீணாக்காதே என்று இந்த மண்ணில் இருபது ஆண்டுகளில் அவன் கற்றுக்கொண்ட மரியாதை. நாங்கள் கற்றுக்கொடுத்தது.

4

மருத்துவர் வெளியே வந்தபோது முகத்தில் தெளிவில்லை. குழந்தையின் மூச்சுத் தளர்ந்துகொண்டே வந்ததால் குழாய் வைத்து இயந்திரத்தில் இணைத்துவிட்டார்கள். மருந்து ஏறுகிறது. ஆனால் நரம்பைப் பிடித்த நஞ்சு உடனே விடாது. சில நாள்கள் ஆகலாம். இடையில் எதுவும் நேரலாம்.

“இன்னொண்ணு முக்கியமாச் சொல்லணும். அவளால கண்ணைத் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது. பாத்தா உயிரில்லாத மாதிரி இருக்கும். ஆனா அவளுக்குக் காது கேட்கும், நினைவிருக்கும். இருட்டுக்குள்ள தனியாப் படுத்திருக்கற மாதிரி. அம்மா பக்கத்துல இருந்து பேசிட்டே இருக்கணும். அழுது கத்தினா குழந்தை இன்னும் பயப்படும். இதை அவங்களுக்குச் சரியாப் புரிய வைக்கணும். ஒவ்வொரு தடவையும் நாங்க என்ன செய்யப் போறோம்னு சொல்லிட்டுச் செய்யணும். ஒடியா பேசற ஆள் இங்கயே இருக்கணும்.”

செந்திலின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது. “சார், இன்ஸ்பெக்சன்காரங்க வந்துட்டாங்க. ஒருத்தனுக்குக்கூட நாஞ்சொல்றது புரிய மாட்டேங்குது. பிஜய அனுப்புங்க சார், லைனே நிக்குது!”

செந்தில் என்னைப் பார்த்தான். “பெரியப்பா, ஒரு மணி நேரங்க. போயிட்டு உடனே வந்துருவான். இந்த ஆர்டர் போச்சுன்னா நானூறு குடும்பத்துக்கு வேலையில்லீங்க. ரிங்கியோட அம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. மேனேஜரும் பொய் சொல்லவில்லை. உலகத்துக்கே ஆடை தைக்கும் ஊரில், அங்கே இயந்திரங்கள் ஓடவும் இங்கே ஒரு குழந்தை தன் தாயின் குரலைக் கேட்கவும் ஒரே நாக்குதான் இருந்தது. அதை இரண்டாகப் பிளக்க முடியாது.

“வேற யாராவது ஆஸ்பத்திரியில ஒடியா தெரிஞ்சவங்க?” என்று வரவேற்பு மேசையில் கேட்டோம்.

“எங்ககிட்ட இல்லீங்க. வந்தா அவங்கவங்க காண்ட்ராக்டரத்தான் கூட்டிட்டு வருவாங்க,” என்றார் அங்கிருந்த பெண்.

பிஜய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முதலாளி சொன்னால் போவான். செந்தில் போகச் சொல்லிவிடுவானோ என்று அஞ்சினேன். என் தம்பி மகன் பொல்லாதவன் அல்லன். ஆனால் நெருக்கடி மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அறைக்கதவின் சிறு கண்ணாடி வழியாக மாலதி தெரிந்தாள். அவள் குழந்தையின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். அசைவில்லை என்று கண்டதும் சுவரில் தன் தலையை மோதத் தொடங்கினாள். குழந்தை போய்விட்டது என்றே அவள் நினைத்துவிட்டாள். செவிலியர் இருவர் அவளைப் பிடித்துக்கொண்டு “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல” என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்கு எட்டவில்லை.

செந்தில் தொலைபேசியைக் காதில் வைத்தான். “பிஜய் வரமாட்டான். அவனுக்கு இங்க வேலை இருக்கு. நீங்க சைகையிலயாவது சொல்லிச் சமாளிங்க. வந்தவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க, கொழந்தை சீரியஸ்னு. அதுக்கு மேல அவங்க இஷ்டம்.” வைத்துவிட்டுப் பிஜயின் முதுகில் கைவைத்துத் தள்ளினான். “போடா, உள்ள போ!”

பிஜய் உள்ளே போனான். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் அவள் முன்னால் தரையில் மண்டியிட்டான்; பேசினான்; தன் காதைத் தொட்டுக் காட்டினான்; குழந்தையைக் காட்டினான். மாலதி சுவரை விட்டாள். அவனையே பார்த்தாள். பிறகு கட்டிலருகே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் காதருகே குனிந்தாள்.

தாராபுரத்திலிருந்து புரோகிதர் தொலைபேசியில் அழைத்தார். “நேரம் தாண்டிப் போச்சுங்களே, வர்றீங்களா?” வரவில்லை என்றேன். மருத்துவமனைத் தோட்டத்தின் குழாயடியில் நீர் இறைத்து, என் மனைவியின் பெயரைச் சொல்லி, தெற்கு நோக்கி நின்றேன். நான் செய்த முறை சாத்திரத்துக்கு உட்பட்டதா என்று தெரியாது. இறைவன் எல்லா மொழியும் அறிந்தவன் என்று பாடிப் பழகியவன் நான். அவனுக்குச் சொல்லி அனுப்பத் துபாசி வேண்டாம். மனிதருக்குத்தான் வேண்டும்.

5

மெல்பர்ன் பயணச்சீட்டைத் தள்ளி வைத்தேன். மகள் தொலைபேசியில் கடிந்துகொண்டாள். இனியன் மட்டும் அந்தப் பாம்பு எவ்வளவு நீளம் என்று கேட்டான்.

நாள்தோறும் காலையில் மருத்துவமனைக்குப் போனேன். ஊசி போடும்முன் செவிலி தமிழில் சொல்வாள், பிஜய் மாலதிக்கு ஒடியாவில் சொல்வான், மாலதி குழந்தையின் காதில் சொல்வாள். மருத்துவர் பேசினாலும் மாலதி பேசினாலும் அவன் இப்போது ஒரு மூச்சைக்கூட சொல்லாமல் விடுவதில்லை. “இப்ப அவங்க பெருமூச்சு விடறாங்க டாக்டர்” என்றுகூட ஒருநாள் சொன்னான். மருத்துவர் “அது எனக்கே தெரியுது பிஜய்” என்றார்.

செந்திலின் ஆர்டர் முழுவதும் கைநழுவிப் போகவில்லை. ஒரு பகுதியை மறுபடி தைக்கச் சொன்னார்கள். அவன் அதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. குறைப்பட்டிருந்தாலும் நியாயமே.

இரண்டு முறை நிலைமை மோசமாயிற்று. ஒருமுறை நெஞ்சில் சளி கட்டியது. இன்னொரு முறை இயந்திரம் அலறியது. அப்போதெல்லாம் மாலதியை வெளியே நிறுத்திவிடுவார்கள். அவள் கைகூப்பி நிற்பாள். பக்கத்தில் நானும் என் தெய்வத்தை அழைத்து நிற்பேன். அவளுடையதை அவளும் என்னுடையதை நானும் வாய்விட்டே ஓதினோம். செவிலியர் யாரும் எங்களை அடக்கவில்லை.

ஒரு காலைப் பொழுதில் இமை அசைந்தது. அதற்கு மறுநாள் விரல்கள். பிறகு ஒரு பிற்பகல், மூச்சு தானாகவே சீராக வருகிறது என்று உறுதி செய்துகொண்டு, குழாயை எடுத்தார்கள். எங்களை உள்ளே அழைத்தபோது ரிங்கி சாய்ந்து படுத்திருந்தாள். முகம் சுருங்கிக் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. ஊரிலிருந்து வந்துசேர்ந்திருந்த தகப்பன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மருத்துவர் குனிந்தார். “ரிங்கி, அம்மா உங்கிட்டப் பேசிட்டே இருந்தாங்களே, அதெல்லாம் உனக்குக் கேட்டுச்சா?”

குரல் அரைபட்டு வந்தது. ஆனால் தமிழ் சரியாக வந்தது.

“கேட்டுச்சுங்க.”

“என்ன சொன்னாங்க?”

அவள் தாயைப் பார்த்தாள், மருத்துவரைப் பார்த்தாள். நிதானமாகத் தொடங்கினாள். “அப்பா ரயில்ல வந்துட்டிருக்காருன்னு சொன்னாங்க. செவுத்துப் பொந்தச் சிமெண்டு வெச்சு அடைச்சாச்சுன்னாங்க. மனசா அம்மாவுக்குப் பால் வெச்சாச்சு, கோவமெல்லாம் போயிருச்சு, நீ பயப்படாதன்னாங்க. டீச்சர் என்னைய விசாரிச்சாங்களாம். அப்பறம் பாட்டுப் பாடினாங்க. அது ஒடியாப் பாட்டுங்க, தமிழ்ல வராது.”

மூச்சு வாங்கிக்கொண்டாள். மருத்துவர், போதும், இளைப்பாறு என்பதுபோல் கையை உயர்த்தினார். ரிங்கி விடுவதாக இல்லை. அவள் பார்வை அறையின் மூலையில், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்ற பிஜயின் மேல் போய் நின்றது.

“பிஜய் மாமா ஒரு நா யாருமில்லாதப்போ வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு அழுதாருங்க. அதையும் சொல்லட்டுங்களா?”

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.